கதவைச் சாத்திக்கொண்டு குதிப்பவர்கள்

1

இன்றும் வின்னிபெக்கில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. குளிர் ஓர் அளவைத் தாண்டினால் இடைவேளைக்குக்கூட உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்ப் பள்ளிகளின் வழக்கம். ஜன்னல் வழியே பார்த்தால் பங்குனி வெயில் போலப் பளபளவென்று அடிக்கும். நம்பி வெளியே போனால் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து ஊசியாகக் குத்தும். மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டேன், இன்னும் அந்த வெயிலிடம் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நான் இங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவியாளர். மதிய இடைவேளையில் அறுபது பிள்ளைகளை மேய்ப்பது என் பொறுப்பு. முதல் வருஷம் நம் ஊர் வழக்கப்படி ‘இண்டர்வல்’ என்று சொல்லிவிட்டு, எதற்கும் எதற்கும் நடுவில் என்று ஆறு வயதுப் பையன் ஒருவனிடம் குறுக்கு விசாரணைக்கு ஆளானேன். குளிர் நாட்களில் அந்த அறுபதும் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு விளையாட்டுப் பெட்டியை இறக்கினேன். பெரிய திரை, அதன் மேல் ஒரு கேமரா. கேமரா நம் உடம்பைப் பார்க்கும். நாம் குதித்தால் திரையில் இருக்கும் பொம்மையும் குதிக்கும், குனிந்தால் குனியும். ஆற்றில் படகு போகும், பாறை வந்தால் எம்ப வேண்டும். ஓட்டை போட்ட சுவர் ஒன்று நம்மை நோக்கி வரும், அந்த ஓட்டையின் வடிவத்துக்குக் கையையும் காலையும் வளைத்து நிற்க வேண்டும். பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

போன மாதம் ஒரு தாயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “வீட்டில் திரையிலிருந்து பிடுங்கி என் மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். நீங்கள் அங்கே இன்னொரு திரை முன்னால் நிறுத்துகிறீர்களாமே?” தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். இங்கே எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. ஒரு பிள்ளை முழங்கையை இடித்துக்கொண்டால் ஒன்று, இடித்த பிள்ளைக்கு இன்னொன்று. ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘வியர்க்க வைப்பது’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை சிரித்துவிட்டு அதை அடித்து, கௌரவமாக வேறேதோ எழுதிக்கொண்டார். குளிர்காலம் முடியும்வரை பெட்டி இருக்கலாம் என்று முடிவாயிற்று.

அதே நாள் காலையில்தான் ரெஜினாவின் குரல் செய்தியும் வந்திருந்தது. ரெஜினா என்னோடு ஆவூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது குளத்தூர் போகிற வழியில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளியின் பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் பிள்ளைகளைத்தான் தேடுவீர்கள். இங்கே திரை குற்றவாளி என்றால் அங்கே கதவு குற்றவாளி. அந்தக் கதவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2

முதலில் ஒரு சண்டையை முடித்துவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களின் போன் குழுக்களில் மாதம் ஒரு தடவையாவது ஒரு செய்தி சுற்றி வரும். “அந்தக் காலத்தில் நாங்கள் கிட்டிப்புள் அடித்தோம், கண்மாயில் நீந்தினோம், தெருவெல்லாம் ஓடினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் டிவி முன்னால் கிடக்கின்றன.” கீழே கண்ணீர் விடும் பொம்மைகள். நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்: நாங்கள் என்றால் யார்? அந்த ‘நாங்களில்’ நான் இல்லையே. என் வகுப்பில் இருந்த எந்தப் பெண்ணும் இல்லையே!

ஆறாம் வகுப்பில் நான் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். ஏழாம் வகுப்பிலும் வந்தேன். எட்டில் வயதுக்கு வந்தேன், அதோடு ஓட்டம் நின்றது. யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. எங்கள் பள்ளி மைதானம் பஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. ஒரு நாள் நான் ஓடியதை டவுன் பஸ்ஸில் போன ஒரு சொந்தக்காரர் பார்த்தார். பஸ் ஊருக்குள் போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் அம்மாவிடம் செய்தி சேர்ந்துவிட்டது: “ஒம் புள்ள ரோட்டோரமா குதிச்சுக்கிட்டு நிக்கிது, பஸ்ஸே வேடிக்க பாக்குது.” அம்மா திட்டவில்லை. துப்பட்டாவுக்கு இன்னும் இரண்டு ஊக்கு வாங்கி வந்து கொடுத்தார். அவ்வளவுதான்.

பிறகு பி.டி. பீரியட் என்றால் பையன்களுக்குப் பந்து, எங்களுக்கு மரத்தடி. உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயம் வரைவோம். ரெஜினா மட்டும் எழுந்து நின்று காலாட்டிக்கொண்டிருப்பாள், அவளுக்கு உட்காரவே வராது. அவளும் தவளைதான் வரைந்தாள், நின்றுகொண்டே வரைந்தாள். பத்தாம் வகுப்புக்குப் போனதும் அந்த மரத்தடியும் போனது. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார், அறிவியல் டீச்சர் கோபித்துக்கொள்வார், அடுத்த வாரம் அவர் வாங்கிக்கொள்வார். எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகளைக் கேட்காமல் கைமாறும் சொத்து அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, “இயற்கையாக வெளியே விளையாடுவதை விட்டுவிட்டுப் பெட்டி எதற்கு?” என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். எங்களுக்கு வெளியே என்று ஒன்று இருந்ததில்லை.

3

போன ஜூலையில் லீவில் வந்தபோது பழைய பெட்டி ஒன்றையும் கேமராவையும் தூக்கி வந்தேன். கையில் குச்சி பிடித்து ஆட்டும் வகையைத் தெரிந்தே தவிர்த்தேன். அந்த வகையில் வின்னிபெக் பள்ளிப் பையன்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று ஆட்டி டென்னிஸ் ஜெயித்துவிடுகிறார்கள். கேமராவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை; அதற்கு முழு உடம்பும் வேண்டும்.

திருச்சியில் இறங்கியதும் சோதனை அதிகாரி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னம்மா, ட்ரோனா?”

“இல்ல சார். பள்ளிக்கூடத்துப் புள்ளைக எக்சர்சைஸ் பண்றதுக்கு.”

“இதுலயா? எப்படி?”

சொல்லிப் புரியவைக்கப் பொறுமை இல்லை எனக்கு. வரிசையில் நின்றவர்கள் பார்க்கக் குனிந்து, எம்பிக் குதித்து, இடப்பக்கம் சாய்ந்து காட்டினேன். அவர் பெட்டியை விட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “போம்மா, போம்மா” என்று அனுப்பிவிட்டார்.

ஆவூரில் அம்மா அதைப் பாதர் கையால் மந்திரிக்காமல் வெளியே எடுக்க விடவில்லை. தீர்த்தம் தெளிக்கும்போது நான் இரண்டு கையாலும் கேமராவை மூடிக்கொண்டேன். பள்ளிக்குக் கொண்டுபோனால் அங்கே தலைமையாசிரியர் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். தேங்காய் உடைத்தார்கள். தீர்த்தமும் குங்குமமும் ஏறிய விளையாட்டுப் பெட்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாடியில் கடைசி அறை. பழைய ஸ்மார்ட் கிளாஸ் டிவி ஒன்று அங்கே இருந்தது. புதன்கிழமை கடைசிப் பீரியட், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பதினெட்டுப் பேர். பையன்கள் அந்நேரம் மைதானத்தில். ரெஜினா கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். யாரும் அசையவில்லை. பதினெட்டுப் பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள், துப்பட்டாவை இழுத்துக்கொண்டு.

“ஏண்டி, கல்யாணத்துக்கு வந்தவளுக மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் ரெஜினா. “தேவிகா, நீ வா.”

தேவிகா ஒல்லியான பெண், வாய் மட்டும் பெரிசு. “டீச்சர், துப்பட்டா தடுக்குமே?”

“கழட்டி வையி. இங்கிட்டு ஆரு இருக்கா?”

தேவிகா கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊக்குகளைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டு, துப்பட்டாவை மடித்து பெஞ்சில் வைத்தாள். முதல் பாறையில் மோதினாள். இரண்டாவதில் எம்பினாள். மூன்றாவதில் அவள் போட்ட கூச்சலில் மற்ற பதினேழு பேரும் ஊக்கைக் கழற்றினார்கள். பத்து நிமிடம் கழித்து அந்த பெஞ்சில் துப்பட்டாக்கள் குவிந்து கிடந்தன. ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அக்கா, எனக்கு நெஞ்சு தடதடங்குது, பயமா இருக்கு.” அது நல்ல தடதடப்புத்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. பதினாலு வயதில் தன் நெஞ்சு அடிப்பதை அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

ஒரு பெட்டி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புதுசு தீர்ந்தால் சலிக்கும், மின்சாரம் போனால் நிற்கும், வாரம் ஒரு பீரியட் போதாது. எல்லாம் தெரியும். ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அது பெரிசுதான்.

4

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

நான் திரும்பி வந்த பிறகு, பரீட்சையும் மழை லீவும் போக, ஏழு புதன்கிழமை நன்றாக நடந்தது. ரெஜினா வாரா வாரம் கதை சொல்வாள். எனக்குக் கதை போதவில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது. “ஒரு வீடியோ எடுத்து அனுப்புடி, இங்க தலைமையாசிரியைகிட்டக் காட்டணும்” என்று நச்சரித்தேன். அவள் தயங்கினாள். “புள்ளைக துப்பட்டா இல்லாம இருக்குதுக...” என்றாள். “நானும் எங்க தலைமையாசிரியையும்தானடி பாக்கப் போறோம்” என்றேன்.

பத்து நொடி. நாலு பெண்கள் ஒரே படகில். நால்வரும் ஒன்றாக எம்புகிறார்கள், நடுவில் தேவிகா வாயைப் பிளந்து சிரிக்கிறாள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்து வெளிநாட்டு ஆட்கள் குழுவில், அதே கிட்டிப்புள் குழுவில், தூக்கிப் போட்டேன். மேலே ஒரு வரி வேறு: ‘பாருங்கள், நம் ஊர்ப் பெண்கள்!’

பார்த்தார்கள். அதுதான் சிக்கல். அரைமணி நேரத்தில் அது சிங்கப்பூர் போய், துபாய் போய், கறம்பக்குடி வழியாக ஊருக்கே திரும்பிவிட்டது. அன்று டவுன் பஸ்ஸில் ஒரு சொந்தக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது ஒரு பஸ் நிறைய ஆட்களை நானே ஏற்றி, ஜன்னலோர சீட்டும் கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் அந்தக் குரல் செய்தி. “அமலா, பெட்டியக் கழட்டி எச்.எம். தன் ரூம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாருடி. புதன்கெழம பீரியட கணக்கு டீச்சருக்குக் குடுத்தாச்சு. புள்ளைக எங்கிட்டப் பேச மாட்டேங்குதுக.”

5

தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வந்தது. ஆவன என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள போன் போட்டேன். அவருக்கு மாலை ஐந்தரை, எனக்குக் காலை ஆறு.

“வணக்கம் சார். அமலா பேசுறேன், கனடாவுல இருந்து.”

“சொல்லும்மா, நல்லா இருக்கியா? அங்க ரொம்பக் குளிராமே?”

“குளிர் இருக்கட்டும் சார். பெட்டி பீரோவுல இருக்காமே?”

“பத்திரமா இருக்கும்மா. ஒரு தூசி படல.”

“தூசி படட்டும் சார்! ஒடஞ்சாலும் பரவாயில்ல, நான் வேற வாங்கித் தாரேன். புள்ளைக குதிக்கட்டும்.”

“அதுல பாரும்மா, அத எந்த ரிஜிஸ்டர்ல ஏத்துறதுன்னு ஒரு கொழப்பம். வெளையாட்டு ரிஜிஸ்டர்ல ஏத்துனா பந்து எங்க, வல எங்கம்பாங்க. கம்ப்யூட்டர் ரிஜிஸ்டர்ல ஏத்துனா கீபோர்டு எங்கம்பாங்க. எதுலயும் ஏத்தாத பொருள வெளிய வைக்க முடியாதுல்ல?”

“ஏழு வாரம் வெளியதான சார் இருந்துச்சு?”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“அமலா, நீ படிச்ச புள்ள. ஒங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? ரெண்டு மூணு பேரு வந்துட்டுப் போனாங்க. கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்னத்தப் பண்றாங்கன்னு கேக்குறாங்க. கதவத் தொறந்து வச்சு வெளையாடச் சொன்னேன். ஒருத்திகூட அசையல. பயலுக வேற படியில வந்து நிக்கிறானுக. அப்புறம் நான் என்ன செய்ய?”

அதுதான் விஷயம். திறந்த மைதானத்தில் ஓடினால் பார்க்கிறார்கள், சாத்திய அறைக்குள் குதித்தால் சந்தேகப்படுகிறார்கள். நடுவில் ஒரு பெண்பிள்ளைக்கு எந்த இடம் என்று கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பதில் தெரியாத மனுஷர். “பெத்தவங்க சம்மதம் எழுத்துல இருந்தா யோசிக்கலாம்” என்றார்.

எழுத்தா? எழுத்துக்கு என்னிடம் பஞ்சமா? வின்னிபெக் பள்ளியின் அனுமதிப் படிவத்தை எடுத்து உட்கார்ந்து தமிழில் எழுதினேன். ‘என் மகள் புதன்கிழமை கடைசிப் பீரியடில், பெண் ஆசிரியர் உடனிருக்க, சாத்திய அறையில் விளையாடச் சம்மதிக்கிறேன்.’ கீழே ‘தாயின் கையொப்பம்’ என்று போட்டேன். தலைமையாசிரியர் அதிர்ந்துபோனார். “அப்பா கையெழுத்துதானம்மா வழக்கம்?” வழக்கமாக நடக்காத ஒன்றுக்கு வழக்கமான கையெழுத்து எதற்கு என்றேன். ரெஜினா வீடு வீடாக ஸ்கூட்டியில் போனாள். நூறு நாள் வேலை முடிந்து வரும் பெண்களை வழியில் நிறுத்தி வாங்கினாள். பதினெட்டில் பதினைந்து கையெழுத்து.

மறுவாரம் தலைமையாசிரியரிடம் கேட்டேன். “படிவமெல்லாம் வந்துருச்சும்மா. பீரோவுலதான் இருக்கு. பத்திரமா இருக்கு.”

என் அண்ணன் மகள் மெர்லின் அன்று பக்கத்தில் இருந்தாள். பதிமூன்று வயது, இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். முட்டிவரை தொங்கும் ஒரு சட்டைக்குள் வருஷம் முழுக்கக் குடியிருப்பவள். “அவங்களுக்கு என்ன பிரச்னை அத்தை?” என்றாள், ஆங்கிலத்தில். “யார் பார்த்தா என்ன?”

“நீ ஏன் போன மாசம் மூணு தடவ வயித்து வலின்னு சொல்லி உடற்பயிற்சி வகுப்புக்குப் போகல?” என்றேன்.

தோளைக் குலுக்கினாள். கொஞ்ச நேரம் போனை நோண்டினாள். தலை நிமிராமலே கேட்டாள்: “அந்த ரூம்ல தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

“உள்பக்கம்.”

“நல்ல ரூம்” என்றாள் மெர்லின், தமிழில்.

6

தேவிகாவின் அப்பா மஸ்கட்டில் வண்டி ஓட்டுகிறார். புகார் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன்: பெண்கள், உடல்நலம், இந்தக் காலம்.

“அண்ணே, நான் அமலா. ஆவூரு.”

“தெரியும் தங்கச்சி. வீடியோ போட்டவங்கதான?”

பிரசங்கத்தின் முதல் பக்கம் அங்கேயே கிழிந்தது.

“நான் கம்ப்ளெயிண்டு சொன்னேன்னு நெனச்சுப் பேசுறீங்க. நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டது உண்மதான். வெளையாட வேணாம்னு சொல்லல. அந்தப் படத்த எடுத்தது ஆருன்னு கேட்டேன். என் ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம் தங்கச்சி. ஒருத்தன் போன்ல பாத்துட்டு, ‘அண்ணே, ஒங்க ஊருப் புள்ளைகளாம்ல’ன்னு எங்கிட்டயே காட்டுறான். எம்புள்ளன்னு அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்ல.”

பிரசங்கத்தின் மிச்சப் பக்கங்களையும் நானே கிழித்துவிட்டேன்.

“அது சிரிக்கிது. அஞ்சு வருசமா நான் ஊருக்கு வாரப்ப போறப்ப அப்படிச் சிரிச்சுப் பாத்ததில்ல. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எட்டுப் பேரு பாத்தானுக. படம் போட்டது நீங்க. குதிச்சது எம்புள்ள. இப்ப பூட்டிக் கெடக்குறது ஆரு பீரியடு?”

“தப்புதாண்ணே. எந்தப்பு.”

“எங்கிட்டச் சொல்லி என்ன? அதுககிட்டச் சொல்லுங்க. எம்பொண்டாட்டி கையெழுத்துப் போட்டுருச்சு. என்னையக் கேக்கல. கேட்டுருந்தா போடுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

குழுவிலிருந்து வீடியோவை அழித்தேன். அழித்தால் என்ன, அது எங்கெங்கோ போய்விட்டது. ரெஜினாவின் போனுக்கு, பதினெட்டுப் பேரிடமும் மன்னிப்புக் கேட்டு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். மூன்று தடவை பதிவு செய்து, மூன்றையும் அழித்து, நாலாவதை அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் தேவிகாவின் குரல் வந்தது, பின்னால் குசுகுசுவென்று பல குரல்கள்.

“அக்கா, கேட்டோம். அழுதாளுக ரெண்டு பேரு, நான் அழுகல. சரி, விடுங்க. ஆனா இனிமே படம் கெடையாது. ஆருக்கும் கெடையாது. ஒங்களுக்கும் கெடையாது. அப்பறம் இன்னொண்ணு அக்கா, பெட்டிய எப்பத் தருவாங்க?”

பீரோ எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

7

இந்தப் புதன்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. ரெஜினா சொன்னதும், அவள் போனில் கேட்டதும்தான்.

அன்று அவள் போட்டிகளுக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டுக் கடைசிப் பீரியட் நேரத்தில்தான் திரும்பியிருக்கிறாள். மாடி ஏறும்போதே ஏதோ சத்தம், வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். வகுப்புக்குள் கணக்கு டீச்சர் சரோஜா பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறார். பையன்கள் வழக்கம்போல மைதானத்தில்; உள்ளே பதினெட்டுப் பெண்களும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

“உக்காருங்கடி.”

யாரும் உட்காரவில்லை.

“என்னடி, ஸ்ட்ரைக்கா?”

“இல்ல டீச்சர்” என்றிருக்கிறாள் தேவிகா. “இது பி.டி. பீரியடு டீச்சர். நீங்க கணக்குப் போடுங்க, நாங்க பாக்குறோம். உக்கார மட்டும் மாட்டோம்.”

சொல்லிவிட்டுக் குதித்திருக்கிறாள். ஒரு தடவை. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த சந்தில். அடுத்து மற்றவர்கள். பெட்டி இல்லை, திரை இல்லை, கேமரா இல்லை. ஏழு வாரத்தில் அந்த ஆறு எங்கே வளையும், பாறை எப்போது வரும் என்று பதினெட்டுப் பேருக்கும் மனப்பாடம். குதி, குனி, வலது, இடது, குதி. ஒரே நேரத்தில். பார்த்தீர்களா, பெட்டியே தேவையில்லை என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். எழுதுங்கள். அந்த ஆற்றை அவர்கள் முழங்காலுக்குள் யார் விட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் மேலே வந்திருக்கிறார். பின்னால் பையன்கள் பத்துப் பேர். வாசலில் நின்று, “என்னம்மா இது, என்ன நடக்குது?” என்றிருக்கிறார். தேவிகா நேராக வாசலுக்கு வந்தாள். அவள் அடி வாங்கப் போகிறாள் என்றுதான் ரெஜினா நினைத்திருக்கிறாள்.

“சார், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?” என்றாள் தேவிகா. அவர் என்ன ஏதென்று தெரியாமல் ஒரு அடி பின்னால் வைத்தார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அந்த இடத்தில்தான் ரெஜினா எனக்குப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். வெறும் குரல், படம் இல்லை. காலை ஆறு மணிக்கு வின்னிபெக்கில் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். முதலில் ரெஜினாவின் கிசுகிசுப்பு: “கதவு சாத்தியாச்சுடி. எச்.எம். வெளிய நிக்கிறாரு. பீரோ சாவி அவரு கையிலயே இருக்கு, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. டீச்சரு உள்ள மாட்டிக்கிச்சு.” பிறகு தடதடவென்று ஒரு சத்தம், முப்பத்தாறு கால்கள் ஒன்றாகத் தரையில் இறங்கும் சத்தம். மறுபடி. மறுபடி. இடையில் பையன்கள் யாரோ விசிலடிக்கிறார்கள், அவர்கள் வராந்தா ஜன்னல் பக்கம் ஓடும் காலடி கேட்கிறது.

உள்ளே சத்தம் நின்றது. இப்போது சரோஜா டீச்சர் கத்துவார், பிரம்பை எடுப்பார், எல்லோரும் உட்காருவார்கள், முடிந்தது என்று நினைத்தேன்.

சாக்பீஸை மேஜையில் வைக்கும் சத்தம் போல ஒன்று கேட்டது. அப்புறம் சரோஜா டீச்சரின் குரல், கதவைத் தாண்டிக் கணீரென்று:

“ஏய், பயலுக பாக்குறானுக பாரு. ஜன்னலையும் சாத்துங்கடி.”